எல்லா மரத்திலும் ஒரு பங்கு

எங்கள் புளிய மரங்களுக்கு விலை பேச வாணியம்பாடியிலிருந்து வருகிற பாய், மரத்தடிக்கு வரமாட்டார். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்று, வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே எதிர்ச் சரிவைப் பார்ப்பார். மேல் வரிசை, நடு வரிசை, ஓடையோர வரிசை என்று கண்ணை ஒருமுறை ஓட்டிவிட்டு இறங்கி வருவார். வந்து ஒரே ஒரு விலை சொல்வார், மொத்தச் சரிவுக்கும் சேர்த்து. இந்த மரம் எவ்வளவு பெறும், அந்த மரம் எவ்வளவு பெறும் என்று கேட்டால் சிரிப்பார். தனி மரத்துக்கு விலை சொல்கிற தைரியம் தனக்கு இல்லை என்பார்.

அவர் வருவது ஆவணியில். மரத்தில் அப்போது பிஞ்சுதான் இருக்கும். விலை படிந்தால் முன்பணம் கொடுத்துவிடுவார். அன்றிலிருந்து பங்குனியில் ஆள் விட்டு உலுக்குகிற வரைக்கும் அந்தக் காயெல்லாம் அவருடையது. இடையில் மழை கெடுத்தாலும் குரங்கு தின்றாலும் அவர் பாடு. இன்னும் புளியாகாத புளியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு இந்த மனுஷன் எப்படி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். நானாக இருந்தால் மலை இறங்குவதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பேன்.

நான் பயந்த சுபாவம். என் படிப்பு நின்றதே அதனால்தான். எட்டாவது வரை ஊரிலேயே படித்தேன். ஒன்பதாவதுக்கு ஜமுனாமரத்தூரில் விடுதியில் தங்க வேண்டும். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. துணிப்பையோடு பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வாசலில் நின்று நல்ல திடமான குரலில் என்னைத் திட்டினாள். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை.

அப்பா சாவதற்கு முன்னால் நிலத்தை அண்ணனுக்கும் தம்பிக்கும் பிரித்துக் கொடுத்தார். பெண்ணுக்கு நிலம் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஆனால் புளிய மரங்களை அவர் பிரிக்கவே இல்லை. எங்கள் மலையில் மண் ஒருவருடையதாகவும் அதில் நிற்கிற மரம் இன்னொருவருடையதாகவும் இருப்பது புதிதல்ல. சரிவில் நிற்கிற எல்லா மரத்திலும் மூன்று பேருக்கும் சமமாகப் பங்கு என்று நாலு பேரை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். ஆளுக்கு இத்தனை மரம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல், ஒவ்வொரு மரத்திலும் மூன்றில் ஒன்று என்றார். மரத்தை எப்படி மூன்றாகப் பிளப்பது, வேர் ஒருத்தனுக்கு, கிளை ஒருத்தனுக்கா என்று ஊரில் கேலி பேசினார்கள்.  அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும். புளி ஒரு வருஷம் சடசடவென்று காய்த்தால் மறு வருஷம் பேருக்குக் காய்க்கும். மரம் தூங்குகிறது என்போம். எல்லா மரமும் ஒரே வருஷம் தூங்குவதில்லை. மேல் வரிசை தூங்கும்போது நடு வரிசை விழித்திருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் மரம் என்று பிரித்தால், ஒரு வருஷம் ஒருத்தர் வீட்டில் சோறு, இன்னொருத்தர் வீட்டில் பட்டினி. எல்லா மரத்திலும் எல்லாருக்கும் பங்கு என்றால் வருஷா வருஷம் ஏதோ ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

எனக்கு வந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் காவலூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர். நான் வாரச் சந்தையில் சாமையும் தேனும் விற்கிறேன். அதில் வீடு நடக்கும். ஆனால் மகள் திருவண்ணாமலையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்த பிறகு, விடுதிக்கும் படிப்புக்கும் கட்டுகிற பணம் அந்தப் புளியிலிருந்துதான். அண்ணன் மண்ணிலும் தம்பி மண்ணிலும் நிற்கிற மரத்தில் எனக்கு இருக்கிற பங்கு. இந்த உலகத்தில் என் பெயரில் இருக்கிற சொத்து அது ஒன்றுதான். அதற்கும் எழுத்து கிடையாது, அப்பா சொன்ன வாய்ச்சொல்தான்.

அதனால்தான் போன வருஷம் ஆடியில், திருவிழாவுக்கு வந்த தம்பி, கறிச்சோறு தின்றுவிட்டுக் கையைத் துடைத்தபடி சொன்னது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அண்ணா, என் பங்கு மரத்தைப் பிரிச்சிக் குட்துடு. மார்க்கெட்ல போட்லாம்னு கீறேன்."

சந்தை என்று நினைத்தேன். சந்தையில் மரத்தை எப்படிப் போடுவான் என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். அவன் சொன்னது ஷேர் மார்க்கெட். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை அவனுக்கு. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போனில் வாங்குவதும் விற்பதுமாக இருக்கிறார்களாம். அவனும் கொஞ்சம் போட்டு, அது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. மரம் வருஷத்துக்கு ஒரு தரம்தான் காய்க்கிறது, இது தினமும் காய்க்கிறது என்றான். போனை எடுத்துக் காட்டினான். பச்சையிலும் சிவப்பிலும் எண்கள் துடித்துக்கொண்டிருந்தன.  ஒவ்வொரு நிமிஷமும் என் மரத்தின் விலை இப்படிக் கண்ணுக்கு முன்னால் ஏறி இறங்கினால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

 அண்ணனுக்குச் சண்டை பிடிக்காது. ஆவணியில் பாய் வருவதற்கு முன்னால் பிரித்துவிடலாம், அப்புறம் ஆளாளுக்கு அவரவர் பாடு என்றான். என்னை யாரும் கேட்கவில்லை. 

பயந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது பயமுறுத்துகிறதோ அதையே சுற்றிச் சுற்றிப் போய்ப் பார்ப்போம். தம்பி எதில் கொண்டுபோய்ப் போடப் போகிறான் என்று தெரிய வேண்டும் போலிருந்தது. மகளிடம் போனில் கேட்டேன். தேடுகிற இடத்தில் எழுதக்கூட வேண்டாம், வாயால் சொன்னாலே போதும் என்றாள். சாமை புடைத்துக்கொண்டே போனைப் பக்கத்தில் வைத்து, ஷேர் மார்க்கெட்டை யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். ஆளிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டேன். வீட்டுக்காரர் வெளியிலிருந்து, யார் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

மாசத்தில் லட்சம் என்று கத்துகிற வீடியோக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டேன். அப்புறம் பொறுமையாகப் பேசுகிற சிலர் கிடைத்தார்கள். எது சரி, எது கட்டுக்கதை என்று எனக்குத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்டவர் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் நம்பினேன்.

அது கப்பலில் ஆரம்பித்திருக்கிறது. ஒல்லாந்து தேசத்து டச்சுக்காரர்கள் நம்ம பக்கம் வந்து மிளகும் கிராம்பும் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரு கப்பலை அனுப்ப ஒருத்தர் பணம் போதாது. பல பேர் சேர்ந்து போடுவார்கள். போன கப்பல் வருகிறதா இல்லையா என்று தெரிய வருஷக்கணக்கில் ஆகும். புயலில் போனால் போட்டவன் தலையில் துண்டு. திரும்பி வந்தால் சரக்கை விற்று, கப்பலையும் விற்று, எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அடுத்த கப்பலுக்கு மறுபடி முதலிலிருந்து ஆள் சேர்க்க வேண்டும்.

அப்புறம்தான் யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஒரே கப்பலில் போடாமல், போகிற எல்லாக் கப்பலிலும் சேர்த்து ஒரு பங்கு வைத்துக்கொண்டால் என்ன? ஒன்று மூழ்கினால் இன்னொன்று கரை சேரும். இதைக் கேட்டபோது முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். எல்லா மரத்திலும் ஒரு பங்கு. எங்கள் அப்பா கடலைப் பார்த்ததில்லை.

அதோடு நிற்கவில்லை. முன்னே மாதிரி ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் கலைவதில்லை, கம்பெனி தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் நடுவில் ஒருத்தனுக்குப் பணம் தேவைப்படுமே. பெண் கல்யாணம், வைத்தியச் செலவு, இல்லை சும்மா பயம். அவனுக்குக் கம்பெனி பணத்தைத் திருப்பித் தராது. கப்பலில் ஒரு பலகையைப் பிடுங்கிக்கொண்டு போ என்றும் சொல்லாது. உன் பங்கை வேறு யாருக்காவது விற்றுக்கொள், பெயரை மாற்றி எழுதிக்கொள்கிறோம் என்றது. அவ்வளவுதான். என் பங்கை யார் வாங்குகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு பாலத்தின்மேல் நின்றிருக்கிறார்கள். மழை வந்தால் கோயிலுக்குள் ஒதுங்கியிருக்கிறார்கள். கூட்டம் தெருவை அடைத்ததால் இந்த நேரத்தில் மட்டும்தான் வியாபாரம் என்று ஊர் அதிகாரம் மணி குறித்திருக்கிறது. பிறகுதான் அதற்கென்று கட்டடம். நம்ம பம்பாயிலும் அப்படித்தான், தரகர்கள் முதலில் ஆலமரத்தடியில் நின்றுதான் வாங்கி விற்றிருக்கிறார்கள். மரத்தடி என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது.

முழுக்கத் தெளியவில்லை. அந்தக் காலத்திலேயே கெட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டு, கப்பலுக்கு ஆபத்து என்று புரளி கிளப்புவது. பயந்துபோய் எல்லாரும் விற்பார்கள், விலை விழும், இவர்கள் மலிவாக வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்வார்கள். நான் அந்தப் பாலத்தில் நின்றிருந்தால் புரளி காதில் விழுந்ததும் முதல் ஆளாக விற்றிருப்பேன். என்னைப் போன்றவள் கையில் நினைத்த நேரத்தில் விற்கிற வழியைக் கொடுக்கக் கூடாது. நல்லவேளை, புளிய மரத்தை விரலால் தொட்டு விற்க முடியாது. ஆவணியில் ஒரு தரம்தான் அதற்கு விலை. மீதி நாள் எல்லாம் அது சும்மா நிற்கிறது, நானும் என் பாட்டுக்குக் கவலைப்படலாம்.

ஆவணி பிறந்தது. பிரிக்கிற நாள் வந்தது.

அண்ணன் ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தான். தம்பி மரத்துக்கு ஒரு கோடு, அண்ணன் மரத்துக்கு வட்டம், என் மரத்துக்கு வெறும் புள்ளி. பங்கு பிரித்தால் கடைசிப் பிள்ளைதான் முதலில் எடுக்க வேண்டும். அது எங்கள் பக்கத்து முறை. அதன்பின் மூத்தவன். பெண் கடைசி.

அந்த வருஷம் நடு வரிசையும் ஓடையோர வரிசையும் பிஞ்சு கொள்ளாமல் நின்றன. மேல் வரிசை வெறிச்சென்று இருந்தது. தம்பி நேராக நடு வரிசைக்குப் போனான். கொத்துக் கொத்தாகத் தொங்குகிற மரமாகப் பார்த்துக் கையைக் காட்டினான். அண்ணன் கோடு போட்டுக்கொண்டே போனான். மலையில் பிறந்தவனுக்கு மரம் தூங்குவது தெரியாதா? தெரியும். ஆனால் தொங்குகிற காய் கண்ணெதிரே இருக்கும்போது யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை. அண்ணனுக்கும் வரவில்லை. அவன் முறை வந்ததும் அவனும் காய் உள்ள மரமாகவே வட்டம் போட்டான். எனக்கு மேல் வரிசை மிஞ்சியது.

நான் அந்த வெறும் மரங்களைப் பார்த்தேன். இந்த வருஷம் எனக்கு ஒன்றும் இல்லை. மகளுக்குக் கட்ட வேண்டிய பணம் கார்த்திகையில்.  ஆனாலும் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தம்பியிடம் சொன்னேன், நீ எடுத்ததெல்லாம் அடுத்த வருஷம் தூங்குகிற மரம்டா என்று.

"அடுத்த வருசம் வரைக்கும் யாருக்கா வெச்சினு இருக்கப் போறா? கலசப்பாக்கத்துல ஒரு மரக்காரன் கிட்ட பேசிட்டேன். உலுக்கி முடிச்சதும் வெட்டினு போய்டுவான்."

அண்ணன் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை வாளியில் போட்டான். சுண்ணாம்பு அவன் காலில் தெறித்தது. வெட்டப் போகிற விஷயம் அவனுக்கு அதுவரை தெரியாது.

"வெட்றதுக்காடா பிரிச்சோம்?"

தம்பி முகம் சுருங்கிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற கொஞ்சப் பணம், ஆம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறவனுக்குப் போதவில்லை. என் பங்கு, என் இஷ்டம் என்று முனகினான். அண்ணன் ஓடையில் காலைக் கழுவப் போய்விட்டான்.

பாய் வண்டிச் சத்தம் கேட்டது அப்போதுதான். வழக்கம்போலப் பாறையில் ஏறினார். சாவியைச் சுற்றவில்லை. மரங்களில் வெள்ளைக் குறியைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்ததும் தம்பி போய், இனிமேல் எங்களிடம் தனித்தனியாகத்தான் விலை பேச வேண்டும் என்றான். நடு வரிசைக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டான்.

பாய் ஓர் எண் சொன்னார். தம்பி சிரித்தான், கிண்டல் செய்கிறாரோ என்று. அவர் செய்யவில்லை. அப்புறம் அண்ணனுடையதற்கும் என்னுடையதற்கும் சொன்னார். மூன்றையும் கூட்டினாலும் பழைய விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

"இன்னா பாய், மரம் அதேதானே, காய் அதேதானே?"

"மரம் அதேதான் தம்பி. மேல் வரிசை தூங்கினா கீழ் வரிசை கை குடுக்கும்னு ஒரு தெகிரியம், அதுக்குதான் நான் சேத்து வெலை குடுத்தது. நீங்க மரத்தைப் பிரிச்சிட்டீங்க, தெகிரியத்தையும் சேத்துப் பிரிச்சிட்டீங்க. இனிமே ஒவ்வொரு மரத்துக்கும் நான் தனியா பயப்படணும். அந்தப் பயத்துக்கு வெலை யார் குடுக்கறது?"

பயத்துக்கு விலை உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எனக்கு யாராவது கொடுப்பார்கள் என்றால் நான் எப்போதோ பணக்காரி.

 எதையாவது பிடித்துக்கொண்டால்தான் எனக்குப் பேச வரும். பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டேன். தம்பியைப் பார்த்துச் சொன்னேன், கப்பலில் பங்கு வைத்திருந்தவன் போக வேண்டுமென்றால் கப்பலை உடைக்கமாட்டான், பங்கை விற்றுவிட்டுப் போவான் என்று.

"யக்கா, நீ எப்போ கப்பலுக்குப் போன?"

அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். ஆனால் நான் ஆரம்பித்துவிட்டதால் நிறுத்த முடியவில்லை. பாலம், மழை, கோயில், ஆலமரம் எல்லாவற்றையும் முன்னே பின்னே போட்டுச் சொன்னேன். தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவனுக்கு என்னைவிட வேகமாகப் புரிந்தது. அவன் அதில் இருக்கிறவன் அல்லவா. நீ போனில் தினமும் செய்வதைத்தான் இங்கேயும் செய்யச் சொல்கிறேன், அங்கே கம்பெனி இருக்கிறது, இங்கே மரம் இருக்கிறது என்றேன்.

"சரிக்கா. பாலத்து மேல நின்னுட்டேன். என் பங்கை யார் வாங்கறது?"

நான் அதுவரைக்கும் யோசிக்கவில்லை. வெளியாள் எங்கள் மரத்துக்குள் வர முடியாது. அண்ணன் அந்த வருஷம்தான் வீட்டுக்குக் கூரை போட்டிருந்தான். மிச்சம் நான்தான்.

"நான் வாங்கிக்கறேன்" என்றேன். சொன்ன குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். மகளிர் குழுவில் நான் சேர்த்ததும் கையில் இருக்கிற இரண்டு வளையலும்தான் எங்கள் இருப்பு. தம்பி பங்கு முழுவதையும் வாங்க அது ஏறத்தாழச் சரியாக இருக்கும்.

"பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காரவே பயப்படுவ. இப்போ இருக்கறதை எல்லாம் ஒரே சரிவுல கொண்டு போய் நட்டு வெக்கறியா? ஒரு ராத்திரி காத்து அடிச்சா பொண்ணு பீஸுக்கு எங்க போறது?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அது சரி. நான் கேட்ட கப்பல் கதையில் முதலில் மூழ்கினவன் யார்? இருப்பதையெல்லாம் ஒரு கப்பலில் ஏற்றினவன்தான். மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிற வேகத்தில் நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். பயமில்லாதவர்கள்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். பயமும் அதே இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அடுத்த நாள் தம்பியிடம் போய்ச் சொன்னேன். மகளுக்கு ஒரு வருஷம் கட்டுகிற பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், அதைத் தொடமாட்டேன். மிச்சத்துக்கு உன் பங்கில் பாதிதான் வாங்க முடியும். மீதிப் பாதியை நீயே வைத்துக்கொள். அவனுக்கு மனசில்லை. மரக்காரன் கொடுப்பதாகச் சொன்னது இதைவிட அதிகம். அண்ணன் வாயைத் திறந்தான். மரம் இன்னும் மூன்று பேருக்கும் பொது, சுண்ணாம்பு மழையில் போய்விடும், வெட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்றான். அவன் அதட்டாமல் சொன்னதால்தான் தம்பி நம்பினான் என்று நினைக்கிறேன்.

விலை எப்படி வைப்பது? இந்த வருஷக் காயைப் பார்த்து வைத்தால் எனக்கு நஷ்டம், தூங்குகிற வருஷத்தைப் பார்த்து வைத்தால் அவனுக்கு. பாயைப் போனில் கேட்டோம். கடந்த சில வருஷம் மொத்தச் சரிவுக்கும் தான் கொடுத்ததை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சமனாக்கினோம். தம்பி கொஞ்சம் ஏற்றினான், நான் கொஞ்சம் இறக்கினேன். அக்காவும் தம்பியும் பாறை மேல் உட்கார்ந்து பேரம் பேசுவதைப் பார்த்து, ஆட்டை இழுத்துக்கொண்டு போன ஒருத்தர் நின்று வேடிக்கை பார்த்தார்.

அப்போதே இரண்டு விஷயம் பேசிக்கொண்டோம். யாருக்குப் பணம் வேண்டுமானாலும் முதலில் மற்ற இருவரையும் கேட்க வேண்டும். அதுவும் ஆவணியில், பாய் விலை சொன்ன பிறகுதான். மற்ற மாசங்களில் விற்கிற பேச்சே கூடாது. இது என் ஏற்பாடு. எல்லாருக்கும் நல்லது என்றுதான் சொன்னேன். ஆனால் முக்கியமாக எனக்காக. ஐப்பசியில் இடி இடிக்கும்போது நான் எல்லாவற்றையும் விற்றுவிடாமல் இருக்க யாராவது கதவைச் சாத்தி வைக்க வேண்டும். எழுத்தும் வேண்டும் என்றேன். அப்பா காலத்தில் இல்லாதது. தம்பியே ஆம்பூரில் எழுதித் தட்டச்சு செய்து கொண்டுவந்தான், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பாய் மறுபடி வந்து பாறையில் ஏறிப் பார்த்து, சேர்த்தே விலை சொன்னார். இந்த முறை சாவி சுற்றியது.

தம்பி அந்தப் பணத்தைத் தன் மார்க்கெட்டில் போட்டான். அந்த வருஷம் முழுக்க எனக்கு அவன் பணத்தைப் பற்றியும் கவலை. காலையில் சாமை உலையில் போடும்போதே போனில் இன்றைக்கு ஏறியதா இறங்கியதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். சில நாள் ஏறியது, சில நாள் இறங்கியது. அவன் எவ்வளவு சம்பாதித்தான், எவ்வளவு விட்டான் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் புரியாத கப்பல். கெட்டது என்று சொல்ல மாட்டேன். தொடங்கினவர்கள் பயந்தவர்கள்தான், ஒரு கப்பலோடு மூழ்கிவிடக் கூடாது என்று பயந்தவர்கள். அப்புறம் யாரோ பயத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்த ஆவணியில் தம்பி தானே போன் செய்தான். விழா இல்லை, விசேஷம் இல்லை.

"யக்கா, நான் கோடு போட்ட மரமெல்லாம் எப்டி கீது?"

தூங்குகிறது என்றேன். நடு வரிசையில் தேடினால்தான் பிஞ்சு தெரிந்தது. அடிமரத்தில் சுண்ணாம்பின் தடம் இன்னும் லேசாக இருந்தது.  மேல் வரிசை எப்படி என்று கேட்டான். கிளை தாங்காத அளவுக்கு என்றேன். என் பங்கு மிச்சம் கீதுல்ல என்றான். இருக்கிறது, எல்லா மரத்திலும் இருக்கிறது என்றேன்.

பாய் வந்து பார்த்துவிட்டு, பழைய விலைக்குக் கொஞ்சம் மேலே சொன்னார். இப்போது ஒவ்வொரு மரத்திலும் பாதி என்னுடையது. பெண்ணுக்கு மரத்தில் பங்கா என்று கேட்ட ஊரில், அதிகப் பங்கு என் பெயரில் எழுதியிருக்கிறது. நினைத்தால் பெருமையாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அதிகப் பயமாகத்தான் இருக்கிறது. முன்பணத்தில் முதலில் மகளுக்கு ஒரு வருஷத்துக்கானதை எடுத்துத் தனியே வைத்தேன். பிறகு அடகு வைத்திருந்த வளையலை மீட்டேன்.

போன வாரம் காற்று பலமாக அடித்தது. மேல் வரிசையில் ஒரு மரம், காய்ப் பாரத்தில் ஒரு கிளையை ஓடைப் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. ஒடிந்துவிடுமோ என்று அரிசி களையும்போதும் அதே நினைப்பு. கவைக்கொம்பு ஒன்றை வெட்டித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து கேட்டார், காயைத்தான் பாய்க்கு விற்றாகிவிட்டதே, அது ஒடிந்தால் அவருக்குத்தானே நஷ்டம், உனக்கு என்ன என்று.

காய் அவருடையது, கிளை நம்முடையது என்றேன். ஏறிப் போய் முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காற்று இல்லை. ஆனாலும் போய் ஒரு தரம் பார்த்தேன், கொம்பு நழுவாமல் இருக்கிறதா என்று.